மும்பையில் முதல் சில நாட்கள்: முதுகுப்பையோடு கிளம்புகிறவர்களுக்குப் பதில்கள்

மும்பைக்கு முதன்முதலாக, அதுவும் தனியாகக் கிளம்புகிறவர்களிடமிருந்து இந்த முறை நிறைய கேள்விகள். பாதிப் பேருக்கு ஒரே சந்தேகம்தான் என்பதால் சிலவற்றைச் சேர்த்தும் சிலவற்றை வெட்டியும் தந்திருக்கிறேன். மும்பையிலேயே இருக்கும் வாசகர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு இதெல்லாம் அரிச்சுவடி.

கேள்வி: படிப்பு முடிந்துவிட்டது. வேலையில் சேருவதற்கு முன் ஒரே ஒரு பையோடு மும்பை போகலாம் என்று சென்னையிலிருந்து டிக்கெட் போட்டிருக்கிறேன். ரயில் லோக்மான்ய திலக் டெர்மினஸ் வரைதான் போகிறது. அங்கிருந்து கேட்வே ஆஃப் இந்தியா நடக்கிற தூரமா சார்? எந்தப் பக்கம் தங்கினால் நல்லது?
— வாசகர், தென்காசி

பதில்: நடக்கிற தூரமா! தம்பி, அது 15 கிலோமீட்டருக்கு மேல். லோக்மான்ய திலக் டெர்மினஸ் இருப்பது குர்லா பக்கம். நீங்கள் படத்தில் பார்த்த மும்பை முழுக்கத் தென்கோடியில் இருக்கிறது. இறங்கியதும் வாசலில் டாக்ஸிக்காரர்கள் சூழ்ந்துகொண்டு ஒரு தொகை சொல்வார்கள், கண்டுகொள்ளாமல் நடங்கள். கொஞ்ச தூரத்தில் திலக் நகர் என்று ஒரு லோக்கல் ஸ்டேஷன் இருக்கிறது, ஹார்பர் பாதை. அங்கே சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ் (எல்லோரும் சி.எஸ்.எம்.டி. என்றுதான் சொல்வார்கள், பெரியவர்களுக்கு இன்னும் வி.டி.) போகும் வண்டியைப் பிடித்தால் பத்து, பதினைந்து ரூபாய்க்குள் தென்மும்பையிலேயே போய் இறங்கிவிடலாம். காலை எட்டு மணிக்கும் பதினொன்றுக்கும் இடையில் வந்து சேர்ந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள், பெரிய பையோடு ஏறவே முடியாது. ஒரு டீ குடித்துக்கொண்டு கூட்டம் வடியும்வரை உட்கார்ந்திருங்கள்.

தங்கும் இடத்தைப் பற்றி யோசிக்கும் முன் ஊரின் வடிவத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். தெற்கே கொலாபாவில் கூராகத் தொடங்கி வடக்கே நீண்டுகொண்டே போகும் ஒடுக்கமான நிலம் இது. ஒரு காலத்தில் ஏழு தீவுகள். இடையில் கிடந்த கடலைத் தூர்த்துத் தூர்த்து ஒன்றாக்கினார்கள். ஊர் வளர இடமிருந்தது வடக்கில்தான், ரயிலும் தெற்கு வடக்காகத்தான் ஓடுகிறது. அதனால் இந்த ஊரில் 'எத்தனை கிலோமீட்டர்' என்று கேட்பதில் பிரயோஜனமில்லை, 'எந்த லைன்' என்று கேட்க வேண்டும். ஒரே பாதையில் 20 கிலோமீட்டர் போவது எளிது, இரண்டு பாதைக்கு நடுவே 5 கிலோமீட்டர் குறுக்கே போவதுதான் உயிரை வாங்கும்.

கொலாபா, ஃபோர்ட் பக்கம் தங்கினால் பாதி ஊரை நடந்தே பார்க்கலாம், ஆனால் வாடகை கூடுதல், அறைகள் தீப்பெட்டி. அந்தேரி, பாந்த்ரா பக்கம் இளைஞர்களுக்கான ஹாஸ்டல்கள் இருக்கின்றன, பொதுப் படுக்கைக்கு ஏறக்குறைய 600 முதல் 1,200 ரூபாய் வரை சீசனைப் பொறுத்துக் கேட்பார்கள். என்னைக் கேட்டால் ஏரியாவைவிட முக்கியம், ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்க வேண்டும் என்பதுதான். ஆட்டோ பிடித்து உள்ளே போக வேண்டிய மலிவான அறை மூன்றாம் நாள் மலிவாகத் தெரியாது. ஆதார் அசல் கையில் இருக்கட்டும்.

கேள்வி: லோக்கல் ரயில் என்றாலே பயமாக இருக்கிறது. வீடியோக்களில் ஆட்கள் தொங்கிக்கொண்டு போவதைப் பார்த்தேன். புதிதாகப் போகிறவன் ஏறலாமா, அல்லது டாக்ஸியிலேயே சமாளித்துவிடலாமா?
— வாசகர், ஈரோடு

பதில்: ஏறலாம், ஏற வேண்டும். டாக்ஸியில் சமாளிக்கலாம் என்று நினைக்கிறவர்கள் தங்கள் நான்கு நாளில் ஒன்றரை நாளை சிக்னலில் கழிக்கிறார்கள். ஆனால் பயமும் நியாயமானது. இந்தப் பாதைகளில் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் சாகிறார்கள், பெரும்பாலும் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கும்போதும் ஓடும் வண்டியிலிருந்து விழுந்தும். அதனால் இரண்டு விஷயத்தில் சமரசமே கிடையாது: நடைமேம்பாலம் எவ்வளவு சுற்றாக இருந்தாலும் அதில்தான் ஏறிப் போக வேண்டும், வாசலில் தொங்கக் கூடாது, உள்ளூர்ப் பையன்கள் என்ன வித்தை காட்டினாலும் சரி.

மற்றதெல்லாம் பழக்கம்தான். பாதைகள் மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்ச்கேட்டிலிருந்து கடலோரமாக வடக்கே விரார் பக்கம் போவது வெஸ்டர்ன். சி.எஸ்.எம்.டி.யிலிருந்து தாதர், தாணே, கல்யாண் என்று போவது சென்ட்ரல். அதே சி.எஸ்.எம்.டி.யிலிருந்து கிளம்பி நவி மும்பை வழியாகப் பன்வேல் போவது ஹார்பர் (இதற்கு கோரேகாவ் பக்கம் ஒரு கிளையும் உண்டு). வெஸ்டர்னிலிருந்து சென்ட்ரலுக்கு மாற தாதர், சென்ட்ரலிலிருந்து ஹார்பருக்கு மாற குர்லா. இவ்வளவு தெரிந்தால் போதும்.

அடுத்தது ஸ்லோ, ஃபாஸ்ட். ஸ்லோ வண்டி எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும், ஃபாஸ்ட் பெரிய ஸ்டேஷன்களில் மட்டும். பிளாட்பாரத்தில் தொங்கும் பலகையில் கடைசி ஸ்டேஷனின் சுருக்கமும் பக்கத்தில் எஸ் அல்லது எஃப் என்ற எழுத்தும் இருக்கும், அதைப் பார்க்காமல் ஏறினால் நீங்கள் இறங்க வேண்டிய ஸ்டேஷன் ஜன்னல் வழியே ஓடிப்போகும். விரார் ஃபாஸ்ட் என்று ஒன்று வரும். அதில் ஏறிக்கொண்டு அந்தேரியிலோ போரிவலியிலோ இறங்க நினைக்காதீர்கள், மாலையில் அது விரார்க்காரர்களின் சொத்து, அவர்கள் நகர்ந்து வழிவிட மாட்டார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுகொண்டே வீட்டுக்குப் போகிறவர்கள்.

கூட்டத்துக்கு ஒரு திசை உண்டு. காலையில் ஊரே தெற்கே போகிறது, மாலை ஐந்திலிருந்து ஒன்பதுவரை வடக்கே திரும்புகிறது. நீங்கள் வேலைக்குப் போகவில்லையே, எதிர்த்திசையில் போங்கள்! காலையில் வடக்கே, மாலையில் தெற்கே. அந்த நேரத்தில் உட்கார இடமே கிடைக்கும். இது ஒன்றைப் பிடித்துக்கொண்டால் உங்கள் திட்டம் பாதி தானாகவே அமைந்துவிடும்.

இறங்குவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஸ்டேஷன் வருவதற்கு இரண்டு ஸ்டேஷன் முன்பே வாசல் பக்கம் நகர ஆரம்பிக்க வேண்டும். முன்னால் நிற்பவரிடம் ஸ்டேஷன் பெயரைச் சொல்லி 'உதர்னா ஹை?' என்று கேட்டால் போதும், அவரும் இறங்குகிறவர் என்றால் தலையாட்டுவார், இல்லையென்றால் ஒதுங்கி உங்களை முன்னால் விடுவார். எந்தப் பக்கம் பிளாட்பாரம் வரும் என்பதையும் அவரிடமே கேளுங்கள். பையை முதுகிலிருந்து கழற்றி முன்பக்கம் மாட்டுங்கள், திருட்டுக்காக மட்டுமல்ல, உங்கள் பை பின்னால் நிற்கிறவர் முகத்தில் இடித்துக்கொண்டே இருக்கும். மேலே ரேக்கில் வைத்தாலும் யாரும் எடுத்துப் போவது அபூர்வம், நீங்கள் மறந்துவிட்டு இறங்குவதுதான் அதிகம்.

இரண்டாம் வகுப்பில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். முதல் வகுப்புக்குப் பல மடங்கு. நெரிசல் நேரத்தில் அங்கேயும் நெரிசல்தான், ஆனால் மெத்தை இருக்கும். அவசரத்தில் தவறி அந்தப் பெட்டியில் ஏறிவிட்டால் பரிசோதகர் அபராதம் போடுவார், மொழி தெரியாது என்ற சாக்கெல்லாம் எடுபடாது. ஏ.சி. லோக்கலும் ஓடுகிறது, கதவு மூடிக்கொள்ளும், அதற்குத் தனி டிக்கெட். இப்போது பூமிக்கடியில் ஒரு மெட்ரோவும் வந்துவிட்டது. ஆரேயிலிருந்து விமான நிலையம், தாதர், சி.எஸ்.எம்.டி. வழியாக கஃப் பரேட் வரை 33.5 கிலோமீட்டர், 2025 அக்டோபரில் முழுப் பாதையும் திறந்தார்கள். விமானத்தில் வருகிறவர்களுக்கு அதுதான் வரம்.

கேள்வி: கேட்வே ஆஃப் இந்தியா பக்கம் ஷேர் ஆட்டோ உண்டா?
— வாசகி, விருதுநகர்

பதில்: ஷேர் ஆட்டோ என்ன, ஆட்டோவே கிடையாது. பாந்த்ராவுக்கும் சயானுக்கும் தெற்கே ஆட்டோவை அனுமதிப்பதில்லை. அங்கே கறுப்பு மஞ்சள் டாக்ஸி, அல்லது பெஸ்ட் (BEST) என்னும் நகரப் பஸ். நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி: அங்கே ஆட்டோவும் டாக்ஸியும் பெரும்பாலும் மீட்டர் போட்டே ஓடுகின்றன. 2025 பிப்ரவரியில் ஏற்றியபடி ஆட்டோ 26 ரூபாயிலும் டாக்ஸி 31 ரூபாயிலும் தொடங்கும். ஸ்டேஷன் வாசலிலும் சுற்றுலா இடங்களிலும் நிற்கிற வண்டியில் ஏறாமல் ஓடிக்கொண்டிருக்கிற வண்டியைக் கை காட்டி நிறுத்துங்கள், பேரமே வராது.

கேள்வி: நான்கு நாள் இருக்கிறது. எலிஃபெண்டா, ஹாஜி அலி, ஜுஹு, ஷாருக்கான் வீடு, அம்பானி வீடு, தாராவி, ஃபிலிம் சிட்டி என்று பட்டியல் போட்டிருக்கிறேன். எந்த வரிசையில் போவது?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முதலில் இரண்டு வீடுகளையும் அடித்துவிடுங்கள். கேட்டையும் மதிலையும் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, உங்கள் ஊரிலேயே பெரிய கேட் இருக்கும்.

முதல் நாள் எங்கும் ஏறாமல் நடங்கள். சி.எஸ்.எம்.டி. கட்டடத்தில் ஆரம்பியுங்கள். எஃப்.டபிள்யூ. ஸ்டீவன்ஸ் வடிவமைத்து 1888இல் முடிந்தது, 2004இலிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம், ஆனாலும் அது இன்னும் வேலை செய்கிற ஸ்டேஷன். வெளியே நின்று அண்ணாந்து கல் மிருகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் பத்துப் பேர் இடித்துவிட்டுப் போவார்கள், எதிர்ச்சாரிக்குப் போய்ப் பாருங்கள். இந்த இடத்துக்குப் பக்கத்தில் போரி பந்தரிலிருந்துதான் 1853 ஏப்ரல் 16 அன்று நாட்டின் முதல் பயணிகள் ரயில் தாணேவுக்குக் கிளம்பியது, 34 கிலோமீட்டர்.

அங்கிருந்து தாதாபாய் நௌரோஜி சாலையில் தெற்கே வந்தால் ஃப்ளோரா நீரூற்று, பக்கத்தில் ஹுதாத்மா சௌக். மராத்தி பேசும் மக்களுக்கு மும்பையோடு சேர்ந்த ஒரு மாநிலம் வேண்டும் என்று போராடிச் செத்தவர்களின் நினைவுச் சின்னம் அது. 1960 மே 1 அன்று மகாராஷ்டிரம் பிறந்தது. அங்கே நிற்காமல் போகிற சுற்றுலாப் பயணிகள்தான் அதிகம். நின்று பாருங்கள், இந்த ஊரில் மொழி ஏன் இன்றும் சூடான விஷயம் என்று கொஞ்சம் புரியும்.

அப்புறம் ஓவல் மைதானம். ஒரு பக்கம் உயர் நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் ராஜாபாய் மணிக்கூண்டும், எல்லாம் விக்டோரியா காலத்துக் கூர்மாடங்கள். மறுபக்கம் 1930களின் ஆர்ட் டெக்கோ அடுக்குமாடிகள், வளைந்த பால்கனிகளோடு. நடுவில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், ஒரே மைதானத்தில் ஏகப்பட்ட ஆட்டம், எந்தப் பந்து எந்த அணியுடையது என்று அவர்களுக்கு மட்டும்தான் தெரியும். இந்த இரண்டு வரிசைக் கட்டடங்களுக்கும் சேர்த்து 2018இல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. மர பெஞ்ச் எதிலாவது அரை மணி நேரம் உட்காருங்கள், மும்பையில் இலவசமாகக் கிடைக்கும் நல்ல விஷயங்களில் இதற்கு நான் முதலிடம் கொடுப்பேன்.

காலா கோடாவில் ஜஹாங்கீர் கலைக்கூடம், அதற்குப் பக்கத்தில் அருங்காட்சியகம், ரீகல் தியேட்டர் முனை, கடைசியில் கேட்வே. ஐந்தாம் ஜார்ஜ் 1911இல் வந்திறங்கியதன் நினைவாகக் கட்டியது, ஆனால் கட்டி முடித்ததே 1924இல்தான். 1948 பிப்ரவரி 28 அன்று கடைசிப் பிரிட்டிஷ் படைப்பிரிவு அதன் வழியாகவே வெளியேறியது. போட்டோ எடுத்துத் தருகிறேன் என்று வருகிறவர்களைத் தவிர்த்துவிட்டால் பார்க்கப் பதினைந்து நிமிடம் போதும்.

சாயங்காலம் சர்ச்கேட் வழியாக மெரீன் டிரைவ். நமக்குக் கடலில் சூரியன் உதிப்பதுதான் பழக்கம், இங்கே கடலில் விழும். சுவரில் உட்கார்ந்துகொள்ளுங்கள், ஆனால் கீழே அந்த நான்கு கால் கான்கிரீட் கட்டைகள் மேல் இறங்காதீர்கள், வழுக்கினால் இடுக்கில் சிக்கிக்கொள்வீர்கள்.

இரண்டாம் நாள் வடக்கே போங்கள். காலை நேரம், எதிர்த்திசை, காலி வண்டி என்று மேலே சொன்னேன் இல்லையா, அதற்குத்தான். வெஸ்டர்ன் பாதையில் போரிவலி, அங்கே சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா, உள்ளே கன்ஹேரி குகைகள். பௌத்தத் துறவிகள் பாறையைக் குடைந்து வாழ்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள், மழைநீரைத் தொட்டியில் சேர்க்கப் பாறையிலேயே வெட்டிய கால்வாய்கள், கல் படுக்கைகள். பூங்கா வாசலிலிருந்து குகைகள் இன்னும் 6, 7 கிலோமீட்டர் உள்ளே, நடக்க நினைத்தால் தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். எலிஃபெண்டாவா கன்ஹேரியா என்று யாராவது கேட்டால் நான் கன்ஹேரி என்பேன், கூட்டம் குறைவு, காடு கூடுதல்.

எலிஃபெண்டாவும் சளைத்ததல்ல. கேட்வேயிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், மூன்று முகச் சிவன் சிலை 6 மீட்டர் உயரம், அதன் முன்னால் நின்றால் பேச்சு வராது. முதல் படகிலேயே போய்விடுங்கள். உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்தில் இருப்பவர் போடாவிட்டாலும். கையில் சிப்ஸ் பாக்கெட்டோடு படியேறினால் குரங்கு வாங்கிக்கொள்ளும். இரண்டு இடங்களுமே திங்கட்கிழமை மூடியிருக்கும், இதைப் பார்க்காமல் போய் ஏமாந்தவர்கள் ஏராளம்.

மூன்றாம் நாளில் மஹாலக்ஷ்மி ஸ்டேஷன் பாலத்திலிருந்து தோபி காட்டை (திறந்தவெளிச் சலவைத்துறை) பார்த்துவிட்டு ஹாஜி அலி. தர்காவுக்குப் போகும் பாதை கடல் நடுவே, ஏற்றத்தின்போது முழுகிவிடும், அன்றைய ஏற்ற நேரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். ஜுஹு கடற்கரை ஒரு மாலைக்கு, பானி பூரிக்காக. ஃபிலிம் சிட்டி உங்கள் இஷ்டம். நான்காம் நாளைத் திட்டமே போடாமல் காலியாக விடுங்கள், கிராஃபோர்ட் மார்க்கெட், கோட்டாச்சி வாடி, பாணகங்கா குளம் என்று அங்கே போன பிறகு யாராவது சொல்லி ஆசை வரும்.

கேள்வி: தாராவிக்குச் சுற்றுலா கூட்டிப் போகிறார்களாமே. ஏழ்மையைக் காசு கொடுத்துப் பார்ப்பது சரியா?
— வாசகி, மதுரை

பதில்: எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஏழ்மையைப் பார்க்க என்றால் வேண்டாம். தாராவி ஒரு பெரிய தொழிற்பேட்டை, வீடுகள் அதன் இடுக்கில் இருக்கின்றன. 2 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும் இடத்தில் தோல் பொருள், பிளாஸ்டிக் மறுசுழற்சி, தையல், கும்பார்வாடாவில் குஜராத்திக் குயவர்களின் மண்பாண்டச் சூளைகள். தோல் பதனிடும் வேலைக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து நூறு வருடத்துக்கு முன்பிருந்தே ஆட்கள் போயிருக்கிறார்கள், அதனால் தொண்ணூறடி சாலையில் நடந்தால் தமிழ் காதில் விழும், கடைப் பலகையிலும் பார்க்கலாம். அந்தப் பகுதிக்காரர்களே நடத்தும், படம் எடுக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடும் ஏற்பாடாகப் பார்த்துப் போங்கள். அதைவிட நல்லது, தெற்குப் பக்கக்காரர் என்றால் வீட்டில் கேட்டுப் பாருங்கள், ஒரு சித்தப்பாவோ அத்தையோ அங்கே இருக்க வாய்ப்பு உண்டு. விருந்தாளியாகப் போய்விட்டு வரலாம். மொத்த இடத்தையும் இடித்துக் கட்டும் திட்டம் நடந்துகொண்டிருக்கிறது, யாருக்கு எங்கே வீடு என்ற கவலையில் இருக்கிறார்கள், அவர்கள் வாசலில் நின்று செல்ஃபி எடுக்காமலிருந்தால் சரி.

கேள்வி: நான் சுத்த சைவம். கையில் பணமும் குறைவு. சாப்பாட்டுக்கு என்ன செய்வது? இட்லி கிடைக்குமா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: சைவத்துக்கு மும்பையில் பஞ்சமே இல்லை. இட்லியும் கிடைக்கும், ஆனால் முதல் நாளே தேடாதீர்கள். காலையில் வடா பாவ். உருளைக்கிழங்கு வடையைப் பாவுக்குள் (சின்ன பன்) வைத்து, காய்ந்த பூண்டுப் பொடி தூவி, பொரித்த பச்சை மிளகாயோடு தருவார்கள், 15இலிருந்து 25 ரூபாய்க்குள். 1960களில் தாதர் ஸ்டேஷன் வாசலில் ஆலைத் தொழிலாளர்களுக்காக ஆரம்பித்தது என்று சொல்வார்கள். எண்ணெய் கொதித்துக்கொண்டிருக்கும், கூட்டம் நிற்கும் கடையில் வாங்குங்கள், ஆறிப்போன வடை அடுக்கி வைத்திருக்கும் கடையைத் தாண்டிப் போங்கள். கூடவே ஒரு கட்டிங் சாய், அதாவது அரை கிளாஸ் டீ. பாவ் பாஜி, மிஸல் (காரமான பயறுக் குழம்பு), மதியம் ஏதாவது ஒரு தாலி (தட்டுச் சாப்பாடு), இப்படியே ஒரு நாளை 300 ரூபாய்க்குள் ஓட்டிவிடலாம்.

இரானி ஓட்டல் ஒன்றில் பன் மஸ்கா (வெண்ணெய் தடவிய பன்) சாப்பிடாமல் திரும்பாதீர்கள். மெரீன் லைன்ஸ் பக்கம் கயானி 1904இலிருந்து நடக்கிறது. அங்கே அசைவமும் உண்டு, அது உங்களுக்குச் சங்கடம் என்றால் வேறு வழியில்லை. இப்படிப்பட்ட கடைகள் வருடா வருடம் குறைந்துகொண்டே வருகின்றன.

வீட்டு ஞாபகம் வந்த அன்று மாட்டுங்கா போங்கள், சென்ட்ரல் பாதை. ராம் ஆஷ்ரய், கஃபே மெட்ராஸ், ராமா நாயக்கின் உடுப்பி ஓட்டலில் வாழையிலைச் சாப்பாடு. ஞாயிறு காலை என்றால் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். ஒன்று சொல்லிவிடுகிறேன், இவை பெரும்பாலும் கர்நாடகக் கடற்கரைக்காரர்களின் சமையல், சாம்பாரில் லேசாக வெல்லம் தட்டும். கும்பகோணத்துக்காரர் முகம் சுளிக்கலாம். காபி சரியாக இருக்கும். சாப்பிட்டு முடித்துத் தெருவில் நடந்தால் மல்லிகைப்பூ, வாழையிலை, அப்பளம், எல்லாம் விற்றுக்கொண்டிருப்பார்கள், பேசுவதும் நம் மொழிதான்.

கேள்வி: 23 வயதுப் பெண், தனியாகப் போகிறேன். அம்மாவைச் சமாதானப்படுத்த ஏதாவது சொல்லுங்கள்.
— வாசகி, சேலம்

பதில்: அம்மாவிடம் சொல்லுங்கள்: லோக்கலில் மகளிர் பெட்டி உண்டு, இரவில் அதில் போலீஸ்காரர் ஒருவர் ஏறுவார், இரவு பத்தரைக்கும் வேலை முடிந்து பெண்கள் தனியாகத் திரும்பும் ஊர் இது. எல்லாம் உண்மை. உங்களுக்கு மட்டும் சொல்வது: மகளிர் பெட்டியிலேயே சில எல்லா நேரமும் பெண்களுக்கு, சில குறிப்பிட்ட நேரம் மட்டும், பெட்டியின் மேல் எழுதியிருக்கும். நடுப்பகலிலோ நள்ளிரவிலோ ஆளே இல்லாத மகளிர் பெட்டி வந்தால் ஏறாதீர்கள், ஆள் இருக்கும் பெட்டியைப் பாருங்கள். இந்த ஊரில் கூட்டம்தான் பாதுகாப்பு. மகளிர் பெட்டியில் உட்கார இடத்துக்கு நடக்கும் சண்டையைக் கண்டு மிரளாதீர்கள், அடுத்த ஸ்டேஷனில் அவர்களே கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டு ஒன்றாகச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: ஜூலையில்தான் லீவு கிடைக்கிறது. மழையில் போகலாமா?
— வாசகர், கரூர்

பதில்: மழை பார்ப்பதற்கே போகிறேன் என்றால் போகலாம். சுற்றிப் பார்க்க என்றால் நவம்பரிலிருந்து பிப்ரவரி. ஜூலை மழை சென்னை மழை மாதிரி பெய்துவிட்டு ஓயாது, நாள் கணக்கில் கொட்டும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர். அவ்வளவு இல்லாவிட்டாலும், கனமழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் வடிகால் நீர் கடலுக்குள் இறங்க வழியில்லாமல் தாழ்ந்த இடங்களில் தேங்கும், ரயில் நிற்கும், எலிஃபெண்டா படகும் நிற்கும். அந்த மாதிரி நாளில் அறையை விட்டுக் கிளம்பாதீர்கள், ஊர்க்காரர்களே கிளம்ப மாட்டார்கள். திரும்பும் டிக்கெட்டுக்கு முன் ஒரு நாள் இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். குடை வீண், ரெயின் கோட்டும் பைக்கு ஒரு உறையும் வேண்டும்.

கேள்வி: கடைசி நாள் அறையைக் காலை 10 மணிக்குக் காலி செய்ய வேண்டும், ரயில் இரவில். பையைத் தூக்கிக்கொண்டே அலைய வேண்டியதுதானா?
— வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம். பெரிய ஸ்டேஷன்களில் க்ளோக் ரூம் இருக்கிறது, அன்றைய டிக்கெட்டைக் காட்டினால் வாங்கிக்கொள்வார்கள், கட்டணமும் அதிகமில்லை. பூட்டாத பையை மட்டும் வாங்க மாட்டார்கள். முதுகுப்பைக்குப் பூட்டு எதற்கு என்று நிறையப் பேர் எடுத்துப் போவதில்லை. ஜிப் இரண்டையும் சேர்த்துப் போடுகிற மாதிரி ஒரு சின்னப் பூட்டு ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், சாவியைப் பைக்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள்.